வாயிலில் நிற்கும் தமர்: காட்டேரிப் புதினங்களில் அச்சச்சுவை

மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தார். மேனாட்டு அச்சக் கதைகளுள் பெரும்புகழ் பெற்ற பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை (1897) இந்நான்கினையும் கொண்டு அளந்து பார்க்கும் தமிழாசிரியர் வியப்படைவார். டிராகுலா இறந்தும் இறவாத அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறும் விலங்கு. நள்ளிரவில் சாளரத்தின் வழியே புகும் கள்வன். தன் மலைநாட்டில் குடிகளை அடக்கியாண்ட இறை. நான்கும் ஓருருவில் திரண்டு நிற்கின்றன. ஆயினும், அந்நூலை இரவில் தனித்திருந்து படிப்பவரின் நெஞ்சை உலுக்கும் இடம் இந்நான்கினுள் எதனாலும் அமைந்ததன்று. நேற்றுவரை அன்பொழுகப் பேசிய லூசி என்னும் இளம்பெண் கல்லறையினின்றும் எழுந்து வந்து, தன்னை மணக்கவிருந்தவனை நோக்கிக் கைகளை நீட்டி அழைக்கும் இடமே அது. தொல்காப்பியர் கூறிய நான்கினுக்கும் புறம்பாக ஐந்தாவது நிலைக்களன் ஒன்று அங்கே தோன்றுகிறது. அதனைத் 'தமர்' எனலாம்.

இறந்துபட்ட உறவினர் உயிருண்ணும் பகையாய்த் திரும்பி வருதலே காட்டேரிக் கதையின் உயிர்நாடி. இதனை நீக்கிவிட்டால் எஞ்சுவன கூரிய பற்களும் கருநிறப் போர்வையுமே. அண்மைக்கால ஆங்கிலப் புதினங்கள் பலவற்றில் நேர்ந்திருப்பது இதுதான். ஸ்டெபனி மேயரின் 'டுவைலைட்' 2005 இல் வெளிவந்த பின்னர், காட்டேரி என்றவுடன் வெளிறிய முகமும் எழில்மிகு தோற்றமும் உடைய காதலன் ஒருவனையே இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அச்சம் இருந்த இருக்கையில் உவகை வந்து அமர்ந்துகொண்டது. இம்மாற்றத்தால் இவ்வகை இலக்கியம் இழந்தது யாது என்பது ஆராயத்தக்கது. அச்சக் கதைகளைப் பொழுதுபோக்குக் குப்பை என ஒதுக்கும் வழக்கம் கற்றோரிடையே உண்டு. அவ்வாறு ஒதுக்குவோர் காதற் காட்டேரியையும் மெய்யாகவே அஞ்சவைக்கும் காட்டேரியையும் ஒரே கூடையில் இட்டுவிடுகின்றனர்.

சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஆங்கிலத்தார் 'வாம்பயர்' என்பதனைத் தமிழில் இரத்தக் காட்டேரி என வழங்குவர். ரிச்சர்ட் பர்ட்டன் 1870 இல் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது 'விக்கிரமனும் வாம்பயரும்' எனப் பெயர் சூட்டினார். அப்பெயர் பொருந்தாது. வேதாளம் பிணத்துள் புகுந்து மரத்தில் தொங்கும், கதை சொல்லும், புதிர் போடும், விக்கிரமனின் குருதியை அது ஒருபோதும் நாடவில்லை. கலிங்கத்துப்பரணியின் பேய்களோ களத்தில் கூழ் அட்டு உண்டு களிப்பவை. அவற்றைக் கண்டு அஞ்சுவதினும் நகைப்பது எளிது. இவையெல்லாம் யாருடைய தந்தையும் அல்ல. யாருடைய குழந்தையும் அல்ல. ஐரோப்பியக் காட்டேரிக்கோ வீடு உண்டு, பெயர் உண்டு, கதவின் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

இந்நம்பிக்கை கற்பனையாளர் படைத்ததன்று. சாவு அடுத்தடுத்து நேர்ந்த சிற்றூர்களில் பிறந்தது. 1725 இல் செர்பியாவின் கிசிலோவா என்னும் ஊரில் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவர் இறந்த பின், எட்டு நாள்களுக்குள் ஒன்பதின்மர் மாண்டனர். ஆஸ்திரிய அரசின் அலுவலர் எழுதியனுப்பிய அறிக்கை வியன்னாவின் செய்தித்தாளில் அச்சாயிற்று. அவ்வறிக்கையில் ஒரு சிறு செய்தி உள்ளது. இறந்தவர் இரவில் தம் மனைவியிடம் வந்து தம் காலணிகளைக் கேட்டாராம். அம்மாது அஞ்சி அவ்வூரையே விட்டு நீங்கினாள். பூதமோ அசுரனோ காலணி கேட்பதில்லை. கணவன்தான் கேட்பான். எந்தப் புதின ஆசிரியரும் எளிதிற் புனைய முடியாத இவ்வொரு சொல்லில் அச்சமும் துயரமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன.

அமெரிக்க நாட்டின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1892 இல் நிகழ்ந்ததும் இத்தகையதே. எக்ஸெட்டர் என்னும் ஊரில் பிரௌன் குடும்பத்தாரை எலும்புருக்கி நோய் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டு சென்றது. தாய் இறந்தாள், மூத்த மகள் இறந்தாள், 1892 சனவரியில் 19 வயது மெர்சியும் இறந்தாள். மகன் எட்வின் படுக்கையில் கிடந்தான். இறந்தவருள் ஒருவரே அவன் உயிரைக் குடிக்கின்றார் என அயலார் வற்புறுத்த, மார்ச்சுத் திங்களில் மூவரின் உடல்களும் வெளியே எடுக்கப்பட்டன. பனிக்காலக் குளிரில் வைக்கப்பட்டிருந்த மெர்சியின் உடல் மட்டும் கெடாதிருந்தது. அவளுடைய நெஞ்சினை எரித்து, அச்சாம்பலை நீரிற் கலந்து அண்ணனுக்குக் கொடுத்தனர். இரு திங்களுக்குள் அவனும் இறந்தான். எலும்புருக்கி நோயின் கிருமியை இராபர்ட் கோக் கண்டறிந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. அந்நோய் ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடையே பரவுவது. அன்புடன் அருகிருந்து பேணுவோரை முதலில் பற்றுவது. அறிவியல் எட்டாத ஊரில் அவ்வுண்மை காட்டேரி உருவம் கொண்டது. நியூ இங்கிலாந்தின் இத்தகைய நிகழ்ச்சிகள் பற்றி 1896 இல் வெளிவந்த செய்தித்தாள் நறுக்கு ஒன்று ஸ்டோக்கரின் குறிப்புத் தாள்களிடையே இருந்தது.

இந்நம்பிக்கையின் உட்கருவை மிகத் தெளிவாகக் கண்டுகொண்ட எழுத்தாளர், ஸ்டோக்கருக்கும் முந்தியவரான உருசியர் அலெக்சேய் கான்ஸ்டன்டினோவிச் டால்ஸ்டாய். 'போரும் அமைதியும்' எழுதிய லியோ டால்ஸ்டாயின் உறவினர் இவர். இருவரையும் ஒருவரெனக் கொள்ளல் வேண்டா. 1839 அளவில் பிரெஞ்சு மொழியில் இவர் எழுதிய 'வுர்தலாக்கின் குடும்பம்' இவருடைய வாழ்நாளில் அச்சேறவில்லை. 1884 இல் உருசிய மொழிபெயர்ப்பாகவே முதன்முதல் வெளிவந்தது. கதை இதுதான்: செர்பியச் சிற்றூர் ஒன்றில் கோர்ச்சா என்னும் முதியவர் கொள்ளைக்காரன் ஒருவனைத் தேடிப் புறப்படுகிறார். பத்து நாள்களுக்குள் திரும்பாவிடில் தம்மை இறந்தவராகக் கருதுமாறும், அதன்பின் தாம் வந்தால் வீட்டிற்குள் விடாது மார்பில் ஆப்பறைந்து கொல்லுமாறும் மக்களுக்கு ஆணையிடுகிறார். பத்தாம் நாள் மாலை எட்டு மணிக்குத் தவணை முடிகிறது. மடாலய மணி எட்டு அடிக்கத் தொடங்கும் அதே வேளையில் அவர் காட்டுப் பாதையில் தோன்றுகிறார்.

நேரம் கடந்ததா, கடக்கவில்லையா? மூத்த மகன் ஐயுறுகிறான். ஏனையோர் தந்தை மீண்டார் என மகிழ்கின்றனர். நாய் அவரைக் கண்டு ஊளையிடுகிறது. அதனைச் சுட்டுக்கொல்ல அவர் கட்டளையிடுகிறார். அச்சம் இங்கே பற்களில் இல்லை. குடும்ப ஒழுக்கத்தின் நடுவே இருக்கிறது. தந்தையின் சொல்லைக் காப்பதெனின் தந்தையைக் கொல்ல வேண்டும். தந்தையைக் காப்பதெனின் தந்தை சொல்லை மீற வேண்டும். தந்தை சொல்லின் மேன்மையை இளமையிலேயே மனப்பாடம் செய்த தமிழ் மாணவருக்கு இச்சிக்கலின் கூர்மையை எவரும் விளக்கத் தேவையில்லை. வுர்தலாக்குகள் தம் நெருங்கிய சுற்றத்தாரின் குருதியையே விரும்பும் என்பது கதையில் கூறப்படும் செய்தி. பேரன் முதலில் இறக்கிறான். புதைத்த பின் ஓரிரவில் அவன் வாயிலில் நின்று, குளிர்கிறது எனக் கூறி அழுகிறான். தன் கையாலேயே அவனைப் புதைத்த தாய் கதவைத் திறக்கிறாள். உலகில் எந்தத் தாய்தான் திறவாதிருப்பாள்? அச்சிற்றூர் முழுவதும் அழிவதற்கு அவ்வொரு தாயின் அன்பே வழியாகிறது.

கதைசொல்லியாகிய பிரெஞ்சுப் பிரபு, கோர்ச்சாவின் மகளிடம் மையல் கொண்டு, பல திங்கள் கழித்து அவ்வூருக்கு மீள்கிறான். வெறிச்சோடிய வீட்டில் அவள் அவனுக்காகக் காத்திருக்கிறாள். முன்னர் நாணி ஒதுங்கியவள் இப்பொழுது தானே நெருங்கி வருகிறாள். அவள் மாறியதன் காரணம் படிப்பவருக்கு அவனினும் முன்னரே புலனாகிவிடுகிறது. காதற் காட்சி எதுவும் குறையாமல் இருக்கிறது. அதன் ஒவ்வோர் அடியும் அச்சத்தை மிகுவிக்கிறது. 1963 இல் இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா இக்கதையைப் படமாக்கியபோது போரிஸ் கார்லாஃப் முதியவராக நடித்தார்.

ஸ்டோக்கரின் நூல் இத்துணைச் செறிவுடையதன்று. பிற்பகுதியில் வரும் நெடிய துரத்தல் அயர்வூட்டுவது என்பதனை அந்நூலின் அன்பரும் மறுக்கார். ஆயினும் தொடக்க இயல்களில் ஒரு காட்சி உண்டு. கோட்டையில் வாழும் மூன்று பெண்டிருக்கு டிராகுலா ஒரு மூட்டையை எறிகிறான். அதனுள் குழந்தை இருக்கிறது. பின்னர் அக்குழந்தையின் தாய் கோட்டை முற்றத்தில் வந்து மார்பில் அறைந்துகொண்டு அலறுகிறாள். ஓநாய்கள் அவளைச் சூழ்கின்றன. பின்னாளில் டிராகுலாவைக் காதலனாக்கிய திரைப்படங்களும் புதினங்களும் இத்தாயைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அவளை நினைவில் வைத்துக்கொண்டு அவனைக் காதலிக்க யாராலும் இயலாது. ஸ்டோக்கர் தீட்டிய டிராகுலாவும் அழகனல்லன்: வெண்மீசை, உள்ளங்கையில் மயிர், நாற்றமடிக்கும் மூச்சு. நூலின் பெரும்பகுதியில் அவன் பேசுவதும் இல்லை. எல்லாரும் நாட்குறிப்பு எழுதுகின்றனர். அவன் ஒருவனுக்கே நாட்குறிப்பு இல்லை. அவன் உள்ளத்தைக் காட்டாமையே அந்நூலின் வலிமை.

லூசியின் இறுதி குறித்தும் ஒன்று கூற வேண்டும். அவளுடைய மார்பில் ஆப்பினை அறைபவன் அவளை மணக்கவிருந்த ஆர்தர். ஆசிரியர் இச்செயலை அன்பின் கடமையாகவே காட்டுகிறார். ஆயினும் சம்மட்டி விழும் ஓசை படிப்பவர் செவியைவிட்டு நீங்குவதில்லை. அன்பு கொண்டவனே கொல்ல வேண்டும் என்னும் இவ்விலையைச் செலுத்தச் செய்யாத காட்டேரிக் கதை, வேறு என்ன அழகு பெற்றிருப்பினும் அச்சக் கதையாகாது.

டிராகுலாவைக் காதலனாக்கும் போக்கிற்கு வேர் பழமையானது. ஆங்கில உரைநடையில் முதற் காட்டேரிக் கதையெனக் கருதப்படும் ஜான் பாலிடோரியின் 'தி வாம்பயர்' (1819) பைரனின் சாயலில் பிரபு ஒருவனைப் படைத்துச் சிற்றூர்ப் பிணத்தை விருந்து மண்டபத்திற்கு அழைத்து வந்தது. எனினும் பாலிடோரி அவனிடம் இரக்கம் காட்டவில்லை. ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) காதலையும் சாவையும் ஒருசேரப் பின்னிய அரிய படைப்பு. அதில் வரும் அன்பு மெய்யாகவே இருக்கலாம், ஆயினும் அவ்வன்பு கொல்கிறது. காதல் இடம்பெறுவதனாலேயே அச்சம் கெடுவதில்லை என்பதற்கு இக்கதை சான்று. கேடு வருவது அன்பிற்குரிய விலை தள்ளுபடி செய்யப்படும்போதுதான்.

ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976) இம்மாற்றத்தின் பெருந்திருப்பம். காட்டேரி தன் வரலாற்றைத் தானே சொல்லத் தொடங்கிய பின், படிப்பவர் வாயிலுக்கு உள்ளே நில்லாமல் வெளியே நிற்பவனோடு சேர்ந்துவிடுகின்றார். ஆனால் ரைஸை எளிதிற் குறைகூறல் தகாது. அவருடைய சிறுமகள் 1972 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அப்புதினத்தில் வரும் கிளாடியா என்றும் வளராத குழந்தைக் காட்டேரி. உள்ளத்தால் முதிர்ந்து உடலால் சிறுமியாகவே இருக்கச் சபிக்கப்பட்டவள். நூலின் ஏனைய பகுதிகளில் உள்ள பட்டும் வெல்வெட்டும் மறந்துபோகும். கிளாடியா மறக்க மாட்டாள். அங்கே தமர் மீண்டும் வாயிலுக்கு வந்துவிட்டனர்.

மேயரின் நாயகனோ விலங்கின் குருதியை உண்டு வாழும் நல்லொழுக்கம் உடையவன். ஸ்டோக்கரின் டிராகுலா இலண்டன் தெருவில் பகலில் நடந்தான். 1922 இல் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' படமே கதிரொளி காட்டேரியைக் கொல்லும் என்னும் மரபினைத் தோற்றுவித்தது. மேயரின் நாயகன் மேனியில் அதே கதிரொளி மணி பதித்தாற்போல மின்னுகிறது. கொலைக்கருவி அணிகலனாயிற்று. 2008 இல் வந்த நான்காம் நூலில் நாயகியும் காட்டேரியாகி, கணவன், குழந்தை, சுற்றம் என எதனையும் இழவாமல் வாழ்கிறாள். இளம் வாசகர் இதில் இன்பம் காண்பதில் பிழையில்லை. சாவே இல்லாத கதையில் காட்டேரிக்கு மட்டும் என்ன வேலை என்னும் கேள்வியே எஞ்சுகிறது.

மறுபுறம், அச்சத்தை அச்சமாகவே போற்றியோரும் உளர். ஸ்டீபன் கிங் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது மாணவருக்கு 'டிராகுலா'வைப் பாடமாக நடத்தினார்; டிராகுலா இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவிற்கு வந்தால் என்னாகும் என்னும் எண்ணத்தினின்றும் பிறந்தது 'சேலம்ஸ் லாட்' (1975). ஆசிரியர் ஒருவர் நூலைப் பாடமாக மட்டும் நடத்தாது அதனோடு வாழ்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. மெயின் மாநிலத்தின் சிறு நகரில் சிறுவன் ஒருவன் காணாமற் போகிறான். அவன் அண்ணன் டேனி இறக்கிறான். அடக்கத்தின்போது தந்தை குழியினுள் விழுந்து கதறுகிறார். பின் ஓரிரவில் டேனி மாடியறைச் சாளரத்திற்கு வெளியே, நிற்க இடமில்லாத வெற்றுவெளியில் தோன்றி, உள்ளே விடுமாறு தன் தோழன் மார்க்கைக் கெஞ்சுகிறான். டால்ஸ்டாயின் பேரன் மீண்டும் வந்துவிட்டான் என்றே சொல்ல வேண்டும். தாய் திறந்தாள், மார்க் திறக்கவில்லை. தன் விளையாட்டுப் பொம்மைக் கல்லறையிலிருந்த சிறு சிலுவையைப் பற்றிக்கொள்கிறான். அச்சிலுவை வணிகர் விற்ற பொம்மை. பையனின் நம்பிக்கை மெய். அந்நூலின் பாதிரியார் காலஹனிடமோ உண்மைச் சிலுவையே இருக்கிறது, நம்பிக்கை பொம்மையாகிவிட்டது. சிலுவையைக் கீழே வைத்துத் தன்னை எதிர்கொள்ளுமாறு காட்டேரி அழைக்க, அவர் அதனை விடத் துணியாமையால் அதன் ஒளி மங்குகிறது. பின்னர்த் தம் தேவாலயத்துக் கதவைத் தொட்டபோது அதுவே அவர் கையைச் சுடுகிறது. ஒரு நகரம் அழிவதற்கு முன்பே அதன் நம்பிக்கைகள் உள்ளே உலர்ந்திருந்தன என்பதனை விரிவுரை ஏதுமின்றி இவ்விரு சிலுவைகளால் உணர்த்துகிறார் கிங். நாயகன் பென், தான் காதலித்த சூசனைத் தன் கையால் அழிக்கிறான். ஆர்தர் செலுத்திய விலையை அவனும் செலுத்துகிறான்.

ரிச்சர்ட் மேத்தசனின் 'ஐ அம் லெஜண்ட்' (1954) இன்னும் கடுமையானது. கொள்ளைநோயால் மாந்தர் அனைவரும் காட்டேரியாக, நெவில் ஒருவனே எஞ்சுகிறான். ஒவ்வோர் இரவும் வெளியே நின்று அவன் பெயரைச் சொல்லி அழைப்பவன் அவனுடைய முன்னைய அண்டை வீட்டான். பிணங்களை எரிக்க வேண்டும் என்பது சட்டம். நெவில் தன் மனைவியை எரிக்க மனமின்றிப் புதைத்தான். அவள் திரும்பி வந்தாள். முடிவில், பகலெல்லாம் உறங்குவோரைக் கொன்று திரிந்த தானே புதிய மாந்தர்க்குப் பேயாகிவிட்டதை அவன் அறிகிறான். காட்டேரியின்பால் இரக்கம் கொள்ளுவதற்கு அதனை அழகாக்க வேண்டியதில்லை என்பதனை மேத்தசன் ரைஸுக்கு இருபதாண்டுகள் முன்னரே செய்து காட்டினார்.

மலாயாவுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 'டிராகுலா'வுக்காக ஸ்டோக்கர் குறிப்பெடுத்த நூல்களுள் ஒன்று, இசபெல்லா பேர்ட் 1879 இல் மலாய் மாநிலங்களைச் சுற்றிப் பார்த்து எழுதி 1883 இல் வெளியிட்ட 'தி கோல்டன் கெர்சோனீஸ்'. உடலை விட்டு நீங்கி இரவில் குருதி தேடிப் பறக்கும் பெனாங்காலான் பற்றிய மலாய் நம்பிக்கையை அந்நூல் கூறுகிறது. மலாய் மக்களின் பொந்தியானாக்கோ மகப்பேற்றில் இறந்த பெண்ணின் உருவம். பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அழகிய மனைவியாவாள், ஆணியை எடுத்தால் மீண்டும் பேயாவாள் என்பர். காதலும் அச்சமும் ஓர் ஆணியளவே விலகியிருக்கின்றன. சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனத்தார் 1957 இல் 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டனர். இந்தியாவிலிருந்து வந்தவரும் தமிழ்ப் படங்கள் சிலவற்றை இயக்கியவருமான பி. என். ராவ் இயக்க, மரியா மெனாடோ நடித்தார். மந்திரத்தால் அழகு பெற்ற அம்மனைவி மனிதக் குருதியைச் சுவைத்தல் ஆகாது என்பது விதி. பாம்பு தீண்டிய கணவன் உயிருக்கு மன்றாடுகிறான்; அவள் நஞ்சை உறிஞ்சுகிறாள்; பேயாகிறாள். அன்பின் செயலே கேட்டினைக் கொணர்கிறது. அப்படத்தின் சுருள் இன்று கிடைப்பதில்லை என்பது பேரிழப்பே.

இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இம்மரபினை உயிரோடு வைத்திருப்பவருள் சுவீடன் நாட்டு எழுத்தாளர் யோன் அய்விதே லிண்ட்குவிஸ்ட் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலத்தில் 'லெட் தி ரைட் ஒன் இன்' எனப் பெயர் பெற்ற அவருடைய புதினம் 2004 இல் வெளிவந்தது. டுவைலைட்டுக்கு ஓராண்டு முன்னர். இங்கேயும் காட்டேரியோடு நட்புண்டு, அன்புண்டு. ஸ்டாக்ஹோமின் புறநகரில் உடன் பயிலும் பிள்ளைகளால் துன்புறுத்தப்படும் பன்னிரண்டு வயது ஆஸ்கர், அடுத்த வீட்டிற்கு வந்த எலி என்னும் பிள்ளையோடு நட்புக் கொள்கிறான். அழைப்பின்றி உள்ளே வந்தால் என்னாகும் என்று அறிய, ஆஸ்கர் அழையாமலேயே எலியை வரச் செய்கிறான். எலியின் மேனியெங்கும் குருதி கசிகிறது. அதைக் கண்டு அவன் அழைக்கிறான். ஆனால் எலிக்காகக் கொலை செய்து குருதி கொணர்ந்த ஹோக்கன் என்னும் மனிதனின் நிலையை ஆசிரியர் மறைக்கவில்லை. அவன் முகத்தையும் உயிரையும் இழந்து, இறந்தும் அடங்காது, உறையவைக்கும் உருவில் திரும்பி வருகிறான். எலி கொன்றோருக்கும் நண்பர் உளர். அவர்தம் துயரத்திற்கும் நூலில் பக்கங்கள் உண்டு. இறுதியில் ஆஸ்கர் பெரியதொரு பெட்டியோடு இரயிலில் செல்கிறான். பயணச்சீட்டைச் சரிபார்க்க வந்தவர் மகிழ்ச்சியான சிறுவன் ஒருவனைப் பார்க்கிறார். பெட்டியினுள் இருப்பது யாதென்று அவர் அறியார்.